மண் ஒட்டாத டவுசர்

என் மனைவிக்குக் கால்பந்து பிடிக்காமல் போனதற்கு என் வெள்ளை டவுசர்தான் காரணம். கல்யாணமான புதிது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து தல்லாகுளத்து வீட்டுக்கு நான் திரும்பியதும், அந்த டவுசரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாளியில் போடுவாள். வாளித் தண்ணீர் உடனே செம்மண் நிறத்துக்கு மாறும். "பந்து வெளையாடப் போறீகளா, கெணறு வெட்டப் போறீகளா?" என்பாள். அவள் திட்டத் திட்ட எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

நான் எங்கள் கிளப்பின் ஸ்டாப்பர். எதிரணிக்காரன் கோலை நோக்கி ஓடி வரும்போது, கோல் காக்கிற கோலிக்கு முன்னால் கடைசியாகக் குறுக்கே நிற்கிற ஆள். என் விஷயத்தில் குறுக்கே விழுகிற ஆள் என்று சொல்வதுதான் பொருத்தம். நான் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தைத் தட்டிவிட்டுப் புழுதியோடு எழுந்திருப்பேன். கோட்டுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்து நின்று பார்ப்பவர்கள், "உசுரக் குடுத்து ஆடுறான்யா" என்று கை தட்டுவார்கள். வாரம் முழுக்க ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தாவாக இருந்து, கோர்ட்டு வராந்தாவில் கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடக்கிறவனுக்கு அந்தக் கைதட்டல் பெரிய விஷயம்.

அந்த மண்ணுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று பிறகு எனக்குத் தெரிந்துபோனது. அதைத் தெரியவைத்தவர் ஒரு மில் டீமின் ஸ்டாப்பர். ஊருக்கு வெளியே இருந்த அந்த மில்லில் பந்து ஆடுகிறவர்களுக்கு வேலை போட்டுக் கொடுத்து, சம்பளமும் கொடுத்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். எங்களைப் போல வேலை முடிந்து ஆடுகிறவர்கள் இல்லை அவர்கள். ஆட்டமே அவர்கள் வேலை. வருடா வருடம் லீக்கில் எங்களைத் தோற்கடித்துவிட்டு, சிரித்த முகமாகக் கை குலுக்கிவிட்டுப் போவார்கள். அந்த ஸ்டாப்பர் வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பெரிய உயரமோ வேகமோ கிடையாது. ஆனால் ஆட்டம் முடிந்து கை குலுக்க வரும்போது அவர் டவுசர் இஸ்திரி போட்டு எடுத்துவந்தது போலவே இருக்கும்.

இந்த ஆள் பக்கம் பந்தே வரவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு மேட்சில் கணுக்கால் பிசகி வெளியே உட்கார வேண்டி வந்தபோது, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தேன். பஸ் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று தெரிந்த தினப்படிப் பிரயாணி முன்கூட்டியே போய் அங்கே நிற்பது மாதிரி, பந்து வரப்போகிற இடத்துக்கு அவர் முன்னாலேயே போயிருந்தார். விழ வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. என் டவுசரில் இருந்த மண் வீரத்தால் வந்ததில்லை, நான் எப்போதும் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் வந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மூச்சே விடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயத்தில் அந்த மில்லை மூடிவிட்டார்கள். டீமும் கலைந்துபோனது. மாவட்டத்திலேயே நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் திடீரென்று எந்த டீமிலும் இல்லாமல் சும்மா இருந்தார்கள். கிளப் செயலாளர்கள் எல்லோருக்கும் தூக்கம் போனது, எங்கள் செயலாளருக்கும்தான்.

அவர் கீழவாசல் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்த சௌராஷ்டிரக்காரர். வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. பந்து தன் பக்கம் உருண்டு வந்தால் குனிந்து கையால் எடுத்துத் துடைத்துக் கொடுப்பார். ஆனால் கிளப்பின் உயிர் அவர்தான். கோபம் வந்தால் வீட்டு மொழியில் முணுமுணுப்பார். அர்த்தம் புரியாததால் எங்களில் யாருக்கும் மனத்தாங்கல் வந்தது கிடையாது. சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்து எடுப்பது போல, ஆட்டக்காரனையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் எடுப்பார்.

ஒரு சாயங்காலம் டீக்கடையில் என்னைப் பிடித்தார். "போன வருசமே தப்பிச்சது தம்பிரான் புண்ணியம். இந்த வருசம் கீழ் டிவிசனுக்கு எறங்குனா நம்ம ஆளுக ஆளுக்கொரு பக்கம் போயிருவாய்ங்கப்பா. கிளப்பே இருக்காது. மில்லு ஆளுக சும்மாத்தான் இருக்காய்ங்க. ஒரு கோலி வேணும், ஒரு லெஃப்ட் அவுட் வேணும்." டீயை ஊதினார். "அப்பறம் ஒரு ஸ்டாப்பர்."

"ஸ்டாப்பருக்குத்தான் நான் இருக்கேனேண்ணே."

"அதேன் ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன். ஸ்டாப்பர எடை போட ஒரு ஸ்டாப்பரு வேணும்ல?"

அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. என் இடத்துக்கு ஆள் பிடிக்க என்னையே துணைக்கு அழைக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நான் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஏற்கெனவே மொபெட்டைக் கிளப்பிவிட்டார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மடியில் சாக்கு.

அந்தச் சாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கிளப்பின் பந்தும் பனியனும் கிடப்பது வெளுத்த ஓர் அரிசிச் சாக்கில்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டீம்களில் யாரும் ஓர் ஆட்டக்காரனைப் பார்த்து "எங்க டீமுக்கு வர்றியா?" என்று நேராகக் கேட்க மாட்டார்கள். கேட்டு, அவன் இல்லை என்றுவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம். நாளைக்கு எதிரும் புதிருமாக ஆட வேண்டியவர்கள். அதனால் டீம் சாக்கைக் காலி செய்து எடுத்துக்கொண்டு அவன் இருக்கிற இடத்துக்குப் போவார்கள். சாக்கின் வாயைத் திறந்து அவன் கண்ணில் படும்படி வைப்பார்கள். அவன் குடிக்க ஏதாவது கொடுப்பான். ஊர்க்கதை பேசிக்கொண்டே குடிப்பார்கள். குடித்து முடிப்பதற்குள் அவன் தன் பூட்ஸைக் கொண்டுவந்து சாக்கில் போட்டால் அவன் நம்ம ஆள். அப்புறம் வேறு எந்த டீமும் அவனைத் தொடாது. சாக்கு காலியாகவே இருந்தால், "அப்ப வாரேம்பா" என்று சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். வற்புறுத்தக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. லீக் ஆபீசில் கையெழுத்துப் போடுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில் கோலியைப் பார்க்கப் போனோம். மாட்டுத்தாவணிக்குப் போகிற ரோட்டோரம் தர்பூசணி வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லாரிமேல் நிற்கிறவன் ஒவ்வொரு பழமாக வீச, இவர் கீழே நின்று நெஞ்சோடு அணைத்துப் பிடித்து அடுக்கினார். ஒரு பழம்கூட நழுவவில்லை. செயலாளர் அதைப் பார்த்துவிட்டு என் தொடையில் கிள்ளினார். பிறகு சும்மா இருக்க முடியாமல் வியாபாரியிடம் பழம் வாங்கப் பேரம் பேசப் போய்விட்டார். அந்த நேரத்தில் கோலி என்னிடம் சொன்னார்: "கடேசி நாளு பனியன், பூட்ஸு, காலுறைன்னு எல்லாத்தையும் ஸ்டோருல திருப்பி வாங்கிட்டாய்ங்கண்ணே. மில்லுச் சொத்தாம்ல. நான் பழைய பூட்ஸு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். மத்த ஆளுக என்ன செஞ்சாய்ங்களோ." செயலாளர் திரும்பி வந்து பழத்துண்டைக் கடித்து முடிப்பதற்குள் கோலியின் பூட்ஸ் சாக்கில் விழுந்தது.

இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட் ஆடியவர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார், வடையும் வாங்கிக் கொடுத்தார், சாக்கை மட்டும் பார்க்கவே இல்லை. வேறு டீமுக்குப் பூட்ஸ் போட்டுவிட்டார் என்று புரிந்தது. சிரித்துப் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டோம். மொபெட்டில் ஏறிய பிறகு செயலாளர் கொஞ்ச தூரம் வீட்டு மொழியில் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

அடுத்த ஞாயிறு காலையில் பிராக்டிஸ் முடிந்ததும் அப்படியே வாடிப்பட்டிக்குக் கிளம்பினோம். அப்போது அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் புளிய மரங்கள் இருந்தன. சமயநல்லூர் தாண்டியதும் ரயில் பாதை கூடவே வந்தது, தூரத்தில் சிறுமலை நீலமாகத் தெரிந்தது. அந்த மொபெட்டு மேட்டில் திணறும்போது நான் இறங்கிக் கூடவே ஓடுவேன். "ஓடு ஓடு, ஸ்டாமினாவுக்கு நல்லது" என்பார். எத்தனையோ கார்களில் பிறகு அந்த வழியாகப் போயிருக்கிறேன். அந்தப் பயணம் மாதிரி ஒன்று அமையவில்லை. இவ்வளவுக்கும் அன்றைக்கு நான் போனது என் இடத்தைப் பறிகொடுக்க.

ஸ்டாப்பர் தோப்பில் இருந்தார். வெட்டிப்போட்ட தேங்காய்கள் மரத்தடிகளில் சிதறிக் கிடந்தன. மடித்துக் கட்டிய கைலியோடு, குனியாமல், உள்ளங்காலின் பக்கவாட்டால் ஒவ்வொரு காயாகத் தட்டி ஒரே குவியலில் சேர்த்துக்கொண்டிருந்தார். காய் குவியலைத் தொட்டதும் நின்றது. அதைத் தாண்டி ஒரு சாண்கூட உருளவில்லை. முழங்காலுக்குக் கீழே, வருடக்கணக்கில் காலுறை மூடியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. வெயில் அதையும் கறுக்க வைக்க ஆரம்பித்திருந்தது.

"வாங்கண்ணே. வாங்க மாப்ள, ஒங்கள நல்லாத் தெரியுமே" என்றார். கயிற்றுக் கட்டிலைப் போட்டார். இளநீர் சீவிக் கொடுத்தார். செயலாளர் சாக்கின் வாயை அகலமாகத் திறந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். மில்லைப் பற்றிப் பேசினோம், மழை இல்லாததைப் பற்றிப் பேசினோம், தேங்காய் விலையைப் பற்றிப் பேசினோம். ஸ்டாப்பரின் கண் பேச்சுக்கு நடுவே சாக்குக்குப் போகும், திரும்பும், மறுபடியும் போகும். ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை.

இளநீர் தீர்ந்துவிட்டது. செயலாளருக்கு விட மனசில்லை. காயை இரண்டாக வெட்டித் தரச் சொல்லி வழுக்கையைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தார். அவர் தேங்காய் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் வருகிற ஆள். ஸ்டாப்பர் தன் வெறுங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் கோலி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இவரிடம் பூட்ஸ் இல்லை. மில்லில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், இவர் வேறு வாங்கவில்லை. எங்கே வாங்கியிருக்கப் போகிறார்? சாக்கில் போட இவரிடம் எதுவும் இல்லை. பூட்ஸ் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால் எங்களை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டது போல ஆகிவிடும். அதைச் செய்கிற மனிதர் இல்லை அவர். செயலாளருக்கு இது தெரியாது. அவர் பழம் பேரம் பேசப் போயிருந்தார்.

செயலாளர் சுரண்டச் சுரண்ட வழுக்கை குறைந்துகொண்டே வந்தது. அது தீருகிற வரைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அவர் வழக்கப்படி எழுந்திருப்பார், நாங்கள் ஊர் திரும்புவோம், அடுத்த சீசனிலும் ஸ்டாப்பர் நான்தான். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. இவ்வளவு மரியாதை தெரிந்த இரண்டு பேர் நடுவே வந்து மாட்டிக்கொண்டேனே என்று இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது. ஒருவராவது வாயைத் திறந்தால் என்ன?

செயலாளர் மட்டையைக் கீழே போட்டார். வேட்டியில் கையைத் துடைத்தார். "அப்ப வாரேம்பா" என்று எழுந்து சாக்கைச் சுருட்டக் குனிந்தார். ஸ்டாப்பரும் எழுந்தார். எழுந்தவர் கை சும்மா இருக்காமல் சாக்கின் விளிம்பைத் தொட்டு, மடிந்திருந்த இடத்தை நேராக்கிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. நான் தியாகி எல்லாம் இல்லை. இந்த ஆள் ஆடுவதை இனிமேல் எங்கேயும் பார்க்க முடியாது என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். பிராக்டிஸ் முடிந்து நேராக வந்ததால் என் பை தோளிலேயே இருந்தது. அதிலிருந்து என் பூட்ஸை எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

"அண்ணே, இது ஒங்களுக்குச் சேருதான்னு பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் எந்த இடத்தில் ஆடுகிறவன் என்று அவருக்குத் தெரியாதா? பிறகு கட்டிலில் உட்கார்ந்து, காலைத் துண்டால் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். எழுந்து நாலு எட்டு நடந்தார். ஒரு தேங்காயைக் குவியலுக்குத் தட்டினார். திரும்பி வந்து, கழற்றி, இரண்டின் நாடாவையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, சாக்கில் மெதுவாக வைத்தார். மற்ற எல்லோரும் வீசுவார்கள். அவர் குனிந்து வைத்தார்.

திரும்பும்போது சமயநல்லூரில் செயலாளர் வண்டியை மெதுவாக்கினார். அப்புறம், "ஒன் பூட்ஸுப்பா" என்றார். "ஆமாண்ணே" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அந்த சீசன் முழுக்க நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். சாக்குக்குக் காவல், இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கி உப்புத் தடவிக் கொடுப்பது, பந்து ரோட்டுக்குப் போனால் எடுத்து வருவது. புது பூட்ஸ் வாங்கித் தருகிறேன் என்று செயலாளர் எவ்வளவோ சொல்லியும் ஸ்டாப்பர், "இது காலுக்குப் பழகிருச்சுண்ணே" என்றுவிட்டார். எனக்கும் ஆட வாய்ப்பில்லை என்று ஆன பிறகு இன்னொரு ஜோடி எதற்கு? என் பூட்ஸ் எனக்கு எதிரேயே மைதானத்தில் நடமாடிக்கொண்டிருந்தது. என் காலில் இருந்த வரை அது இவ்வளவு நிதானமாக நடந்து நான் பார்த்ததில்லை.

வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். வழக்கமாகக் கை தட்டுகிறவர்களில் ஒருவர், "என்னப்பா, கால்ல அடியா?" என்று கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அவரைப் பார்க்க அவ்வளவு பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்கு ஈடாக எதையும் வாங்கியிருக்க மாட்டேன். வீட்டில் மனைவி டவுசரை வாளியில் போடுவாள், தண்ணீர் நிறம் மாறாது. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். எதுவும் கேட்கவுமில்லை. அவள் கேட்காமல் இருந்தது, கைதட்டல் இல்லாமல் போனதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் கீழே இறங்கவில்லை. கடைசி மேட்சுக்கு முன்பே அது உறுதியாகிவிட்டது. அந்த மேட்சிலும் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஸ்டாப்பர் தானாகவே ரெஃப்ரியைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு வெளியே நடந்து வந்தார்.

செயலாளர் பதறிவிட்டார். "என்னப்பா, அடிகிடி பட்டுருச்சா?"

"இல்லண்ணே. கால்வாயில தண்ணி விட்டாச்சு. நாளையிலேருந்து நடவு வேல. இனிமே வர முடியாது." சொல்லிக்கொண்டே என் முன்னால் புழுதியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். அந்த சீசனில் அவர் டவுசரில் மண் பட்டது அப்போதுதான். பூட்ஸை என் பக்கம் தள்ளினார். "கட்டுங்க மாப்ள. இன்னும் சூடாத்தான் இருக்கு."

ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவசர அவசரமாகப் போட்டுக்கொண்டேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. அவர் காலுக்கு அகன்றுபோயிருந்தது. நாடாவைக் கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

ஒரே ஒரு பந்து வந்தது. எதிரணியின் வேகமான பையன், அவனுக்கு முன்னால் ஒரு நீளமான பாஸ். பழைய பழக்கத்தில் என் உடம்பு விழத் தயாரானது. ஆனால் ஒரு சீசன் முழுக்க ஒரே மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்த கண் காலை வேறெங்கோ கூட்டிக்கொண்டு போனது. போய் நின்றேன். பந்து வந்து என் காலில் பட்டது. நின்றபடியே நம்ம ஆளுக்குத் தட்டிக் கொடுத்தேன். யாரும் கை தட்டவில்லை. கை தட்ட அங்கே எதுவும் நடக்கவில்லை. ஓரக்கண்ணால் கோட்டுக்கு வெளியே பார்த்தேன். ஸ்டாப்பர் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டு, பந்து அடுத்து எங்கே போகுமோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எந்த டீமுக்கும் ஆடவில்லை. நான் சில வருடம் ஆடினேன். செயலாளரின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள், சாக்கு யாரிடம் இருக்கிறதோ தெரியாது. அந்த ஞாயிறுகளுக்காக இப்போதும் மனசு ஏங்குகிறது.

அந்தக் கடைசி மேட்ச் அன்றைக்குச் சாயங்காலம் மனைவி டவுசரை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"கடேசி மேட்சுன்னீக. இன்னைக்குக்கூடவா ஒங்கள எறக்கல?"

"எறக்குனாய்ங்க."

"சும்மா சொல்லாதீக."

"நெசமாத்தான். நல்லா ஆடுனேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். வெளுத்த டவுசரை இன்னொரு தரம் பார்த்தாள். "சரி விடுங்க. அடுத்த வருசம் ஆடிக்கிரலாம்" என்று, என்னை ஒருபோதும் கூப்பிடாத ஒரு மெதுவான குரலில் சொல்லிவிட்டு, சோப்புப் போடாமல் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கொடியில் காயப் போட்டாள்.